ஆஸ்டின் செவன்: பழைய வண்டி வளர்த்த கைகள்

அரசர்கள் முடிசூடிய ஆண்டுகளையும் அவர்கள் போரிட்ட களங்களையும் வரலாறு என்று மாணவர்க்குக் கற்பித்துப் பழகிவிட்டோம். ஏருக்கும் தறிக்கும் தையற்பொறிக்கும் மிதிவண்டிக்கும் வரலாறு உண்டு என்பதைப் பெரும்பாலும் மறந்து விடுகிறோம். ஒரு கருவி யார் கையிற் பிறந்தது, பின்னர் எவர் கைக்கு மாறிற்று, மாறிய கைகள் அதனை என்ன செய்தன, அக்கருவி அந்தக் கைகளை எவ்வாறு பழக்கிற்று என்று கேட்டுக்கொண்டே போனால், ஒரு காலத்து மக்களின் வாழ்க்கை நம் கண்முன் விரியும். அவ்வகையில், இங்கிலாந்தில் பிறந்த சிறிய மோட்டார் வண்டி ஒன்றின் வரலாற்றை ஈண்டு ஆராய முற்படுகின்றேன். அதன் பெயர் ஆஸ்டின் செவன்.

1922 ஆம் ஆண்டு முதல் 1939 ஆம் ஆண்டு வரையில் ஏறத்தாழ 290,000 ஆஸ்டின் செவன் வண்டிகள் உற்பத்தியாயின. புதிதாய் இருந்தபோது அவ்வண்டி செய்த பணி பெரிது. பழையதாகி, விலை தாழ்ந்து, கையில் காசில்லாத இளைஞர்களிடம் வந்து சேர்ந்த பின்னர் அது செய்த பணி அதனினும் பெரிது. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

வண்டி பிறந்த கதை

ஹெர்பர்ட் ஆஸ்டின் என்பவர் 1905 ஆம் ஆண்டில் பர்மிங்ஹாம் நகருக்கு அண்மையிலுள்ள லாங்பிரிட்ஜில் மோட்டார்த் தொழிற்சாலை நிறுவியவர். முதல் உலகப் போர் முடிந்ததும் அவர் பெரிய 20 குதிரைத்திறன் வண்டியையே நம்பித் தொழில் நடத்தினார். போருக்குப் பிந்திய பணமுடையில் அவ்வண்டியை வாங்குவோர் குறைந்தனர். 1921 இல், கடன்காரர்களுக்காகக் கம்பெனியை மேற்பார்க்க வெளியார் ஒருவர் நியமிக்கப்படும் நிலை வந்தது. அதே 1921 ஆம் ஆண்டில் பிரிட்டனில் புதிய வண்டி வரி நடைமுறைக்கு வந்தது. ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுன் வரி. அத்திறனைக் கணக்கிடும் முறையோ விந்தையானது. சிலிண்டரின் குறுக்களவும் சிலிண்டர்களின் எண்ணிக்கையுமே கணக்கிற் சேரும். பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பது சேராது. ஆகவே பெரிய வண்டி வைத்திருப்பவர் ஆண்டுதோறும் பெருந்தொகை கட்ட வேண்டியதாயிற்று.

எளிய குடும்பத்தார் அந்நாளில் மோட்டார் சைக்கிளோடு பக்கப்பெட்டியை இணைத்து, மனைவியையும் குழந்தையையும் அதில் அமர்த்தி, மழையில் நனைந்தபடி சென்றனர். அந்தப் பக்கப்பெட்டி வண்டி அடைக்கும் இடத்திற்குள்ளேயே நான்கு சக்கரமும் கூரையும் உடைய உண்மையான கார் ஒன்றை அமைக்க வேண்டும் என்பது ஆஸ்டினின் எண்ணம். இயக்குநர்கள் இசையவில்லை. ஆஸ்டின் சளைக்காமல், ஸ்டான்லி எட்ஜ் என்னும் 18 வயது வரைபடக்காரரைத் தம் இல்லத்திற்கு அழைத்து, பில்லியர்ட்ஸ் விளையாடும் அறையில் இருத்தி வரைபடங்களைத் தயாரித்தார். தம் சொந்தப் பணத்தையும் போட்டார். அதனால், விற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு கினி அவருக்கு உரிமைத் தொகையாயிற்று. புகழ் பெற்ற ஒரு வண்டியின் பெரும்பகுதியைப் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் வரைந்தான் என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும்.

1922 இல் வெளிவந்த அவ்வண்டியின் எடை சுமார் 360 கிலோகிராம். முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையே 6 அடி 3 அங்குலம். இடச் சக்கரத்திற்கும் வலச் சக்கரத்திற்கும் இடையே 40 அங்குலம். இயந்திரம் முதலில் 696 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடன் இருந்தது; விரைவிலேயே 747 ஆக உயர்த்தப்பட்டது. தொடக்கத்தில் அது தந்த உண்மையான திறன் பத்துக் குதிரைத்திறன் அளவே.

இச்சிறு வண்டியிலிருந்து கிளைத்த குடும்பமோ பெரிது. ஜெர்மனியில் டிக்ஸி என்னும் பெயரில் உரிமம் பெற்று 1927 முதல் இதனைச் செய்தார்கள். 1928 இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் அத்தொழிற்சாலையை வாங்கிய போது, அந்நிறுவனத்தின் முதற் கார் இதுவாகவே அமைந்தது. இங்கிலாந்தில் வில்லியம் லயன்ஸ் 1927 இல் இதன்மேல் அழகிய உடற்கூடு அமைத்து விற்றார். அவருடைய தொழிலே பின்னாளில் ஜாகுவார் ஆயிற்று. அமெரிக்காவில் இதனைச் செய்யத் தொடங்கிய கம்பெனி பின்னர் பாண்டம் எனப் பெயர் மாறி, 1940 இல் ஜீப் வண்டியின் முதல் மாதிரியை அந்நாட்டுப் படைக்கு அளித்தது.

பற்றாக்குறையில் விளைந்த கலை

1939 இல் இதன் உற்பத்தி நின்றது. அதே ஆண்டில் இவ்வண்டியின் ஆர்வலர்கள் கூடி 750 மோட்டார் கிளப் என்னும் சங்கத்தைத் தோற்றுவித்தார்கள். இரண்டாம் உலகப் போர் அவர்களின் வேலையைத் தடுத்தது. போர் முடிந்த பின்னர்த்தான் அதன் பொற்காலம் தொடங்கிற்று.

அக்காலத்து இங்கிலாந்தின் நிலையை நினைவிற் கொள்ள வேண்டும். போரில் வென்ற நாடு கடனில் மூழ்கிக் கிடந்தது. செய்யும் கார்களை வெளிநாட்டிற்கு ஏற்றி அந்நியச் செலாவணி ஈட்டுமாறு அரசு வற்புறுத்திற்று. ஏற்றுமதி செய்யும் கம்பெனிக்கே உருக்கு கிடைத்தது. உள்நாட்டார் புதுக் கார் வாங்கப் பெயர் பதிந்து நெடுநாள் காத்திருந்தனர். பெட்ரோல் பங்கீடு 1950 ஆம் ஆண்டு மே மாதம் வரை நீடித்தது. ஆகவே இளைஞன் ஒருவனுக்குக் கிடைக்கக்கூடியது, பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடித் தேய்ந்து, கூடு உளுத்துப்போன பழைய ஆஸ்டின் செவன் ஒன்றே.

அவன் அதனை என் செய்தான்? உளுத்த கூட்டைக் கழற்றி எறிந்தான். எஞ்சிய அடிச்சட்டத்தின்மேல், மரப்பலகையாலும் அலுமினியத் தகட்டாலும் தானே ஒரு கூட்டைச் செய்து பொருத்தினான். போர் விமானங்களுக்காகச் செய்து மிஞ்சிய குழாய்களும் தகடுகளும் மலிவாகக் கிடைத்தன. இவ்வாறு ஒவ்வொருவரும் தத்தம் எண்ணத்திற்கேற்ப ஆக்கிய வண்டியை ஸ்பெஷல் என்று அழைத்தனர். ஒன்றைப்போல் மற்றொன்று இராது.

ஆஸ்டின் செவன் இதற்கு ஏற்றதாய் இருந்ததற்குக் காரணங்கள் உண்டு. அதன் அடிச்சட்டம் ஆங்கில எழுத்தாகிய ஏ வடிவில் முன்னே குறுகிப் பின்னே விரிந்தது. உடற்கூடு தனி, சட்டம் தனி. ஆதலின் கூட்டைக் கழற்றினாலும் வண்டி வண்டியாகவே நிற்கும். இயந்திரத்தின் தலைப்பகுதியைச் சாதாரண ஸ்பானர் கொண்டு கழற்றலாம். லட்சக்கணக்கில் செய்யப்பட்டமையால் உதிரிப் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. பட்டறை இல்லாதவனும் கொட்டகை ஒன்றில் இவ்வேலையைச் செய்துவிடலாம்.

ஒன்றை மாற்றினால் மற்றொன்று கேட்கும்

இவ்வேலை பொழுதுபோக்காகத் தொடங்கியது மெய். ஆயினும் அது எவ்வாறு பள்ளிக்கூடமாயிற்று என்பதைச் சற்று நுணுகி நோக்குவோம்.

வண்டிக்கு வேகம் வேண்டும் என்று ஒருவன் விரும்புகிறான். சிலிண்டர் தலையைச் சிறிது சீவி அழுத்தத்தைக் கூட்டுகிறான், கார்புரேட்டரையும் மாற்றுகிறான். இயந்திரம் விரைந்து சுழல்கிறது. உடனே புதிய இடர் தோன்றுகிறது. இவ்வியந்திரத்தின் கிராங்க் தண்டை 1936 வரையில் இரு முனைகளில் மட்டுமே பேரிங்குகள் தாங்கின. மிகுவேகத்தில் நடுப்பகுதி வில்லாய் வளைகிறது; நாளடைவில் தண்டு முறிகிறது. எண்ணெயும் அழுத்தத்தோடு பேரிங்குக்குள் செல்வதில்லை. சிறு துளைகளிலிருந்து சுழலும் தண்டின்மேல் பீச்சியடிக்கப்படுகிறது. ஆகவே எண்ணெய் வழியையும் அவன் கற்க வேண்டியதாகிறது.

அதனைச் சரி செய்தபின் வண்டி உண்மையாகவே விரைகிறது. இப்போது நிறுத்த முடியவில்லை! தொடக்க கால ஆஸ்டின் செவனில் காற்பிரேக் பின் சக்கரங்களை மட்டும், கைப்பிரேக் முன் சக்கரங்களை மட்டும் பற்றும். 1930 இல்தான் இரண்டையும் இணைத்தார்கள். ஆகவே பிரேக்கை மேம்படுத்துகிறான். பிரேக் நன்றாகப் பிடித்ததும், முன் அச்சு முறுக்கிக்கொண்டு வண்டி ஒருபுறம் இழுக்கிறது. இப்போது அச்சையும் வில்லையும் ஆராய வேண்டும். லெஸ்லி பாலமி என்பவர் அந்த முன் அச்சை நடுவே வெட்டி, இரு பாதிகளையும் தனித்தனியே அசையுமாறு பொருத்தும் முறையைப் பரப்பினார். அதனால் ஒரு சக்கரம் குழியில் இறங்கினாலும் மற்றொன்று தன்போக்கில் ஓடிற்று.

ஒன்றை மாற்றினால் அடுத்தது கேள்வி கேட்கிறது. அதற்கு விடை கண்டால் மூன்றாவது எழுந்து நிற்கிறது. எந்திரம் என்பது தனித்தனி உறுப்புகளின் குவியல் அன்று, ஒன்றையொன்று பற்றி நிற்கும் ஓர் ஒழுங்கு என்னும் உண்மையை அவன் கையாலேயே உணர்ந்தான். இந்த உணர்வை வெறும் ஏட்டுக் கல்வி அளித்தல் அரிது.

750 மோட்டார் கிளப் இக்கல்விக்கு ஒரு வரம்பு வகுத்தது. ஆஸ்டின் செவன் அடிச்சட்டமும் இயந்திரமும் கொண்ட ஸ்பெஷல்களுக்கென்றே பந்தய விதிகளைப் போருக்குப் பின் அமைத்தார்கள். பணத்தால் வெல்ல இயலாதபடி, அறிவால் மட்டுமே வெல்லலாம் என்பது அவ்விதிகளின் உட்கருத்து. சங்கத்தை வளர்த்தவருள் முதன்மையானவர் ஹாலண்ட் பிர்கெட். தொழிலால் அவர் கால்நடை மருத்துவர். 1958 இல் எல். எம். வில்லியம்ஸ் ஸ்பெஷல் கட்டும் முறையை விளக்கி நூல் எழுதினார். கொட்டகைதோறும் கற்ற பாடங்கள் அச்சேறின.

மூவர்

இப்பள்ளியில் பயின்றோர் பலர். மூவரை மட்டும் இங்கே குறிக்கின்றேன்.

முதலாமவர் அலெக் இசிகோனிஸ். இவர் 1930களில் ஜார்ஜ் டௌசன் என்னும் நண்பருடன் சேர்ந்து, ஆஸ்டின் செவனை அடிப்படையாகக் கொண்டு லைட்வெயிட் ஸ்பெஷல் என்னும் பந்தய வண்டியைப் பல ஆண்டுகள் உழைத்துக் கையாலேயே செய்தார். மரப்பலகையும் அலுமினியமும் சேர்ந்த அதன் கூடே சட்டமாகவும் நின்று பாரத்தைத் தாங்கிற்று. வில்லுக்குப் பதிலாக ரப்பரைப் பயன்படுத்தினார். பின்னர் 1948 இல் வந்த மோரிஸ் மைனரும் 1959 இல் வந்த மினியும் இவர் படைப்புகளே. மினியின் சக்கரங்களை ரப்பர்க் கூம்புகள் தாங்கியதைக் காணும்போது, பழைய கொட்டகையில் தொடங்கிய சிந்தனை நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் மலாயாச் சாலைகளில் எங்கும் காணப்பட்ட மோரிஸ் மைனரை நம் மூத்த ஆசிரியர் பலர் அறிவர். அதன் ஆசிரியர் பழைய வண்டியைப் பிரித்துக் கற்றவர் என்பதை எத்துணைப் பேர் அறிவர்?

இரண்டாமவர் காலின் சாப்மன். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பொறியியல் பயின்றபோதே பழைய கார்களை வாங்கி விற்று வந்தார். 1947 இல் அரசு பெட்ரோல் பங்கீட்டை மேலும் இறுக்கியதும் அச்சிறு வணிகம் படுத்தது. விற்காமல் நின்றுபோன ஓர் ஆஸ்டின் செவனை, காதலியின் பெற்றோர் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் வைத்து 1948 இல் ஸ்பெஷலாக மாற்றினார். அதுவே லோட்டஸ் வரிசையில் முதலாவது.

1951 இல் அவர் ஆக்கிய மூன்றாம் வண்டியில் செய்த ஒரு வேலை குறிப்பிடத்தக்கது. ஆஸ்டின் செவன் இயந்திரத்தில் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே நுழைவாய். எனவே ஒன்று பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சும்போது மற்றதன் பங்கு குறைகிறது. ஒரே கிண்ணத்தில் இருவர் உண்பது போன்றது. சாப்மன் அந்த வழியைத் தடுப்பு வைத்துப் பிரித்து, ஒவ்வொரு சிலிண்டரும் தன் பங்கைத் தானே பெறுமாறு செய்தார். மற்ற வண்டிகள் பின்தங்கின. அம்முறையைத் தடுக்க விதியையே திருத்த வேண்டியதாயிற்று. 1952 இல் அவர் கம்பெனி அமைத்தார். 1963 இல் அது கிராண்ட் பிரீ பந்தயத்தில் உலகப் பட்டம் வென்றது.

மூன்றாமவர் நியூசிலாந்தைச் சேர்ந்த புரூஸ் மெக்லாரன். ஒன்பதாம் வயதில் இடுப்பெலும்பு நோய் கண்டு நெடுங்காலம் படுக்கையிற் கிடந்தவர். அதன்பின் ஒரு கால் மற்றதைவிடக் குறுகிற்று. ஆக்லாந்தில் மோட்டார்ப் பட்டறை வைத்திருந்த அவர் தந்தை, பழைய ஆஸ்டின் செவன் அல்ஸ்டர் வண்டியொன்றை வாங்கி, மகனோடு சேர்ந்து பழுது பார்த்தார். 1952 இல் மகன் அதனை முதற் போட்டியில் ஓட்டினார். 1959 இல், 22 ஆம் வயதில், கிராண்ட் பிரீ வென்றார். 1963 இல் தம் பெயரில் நிறுவனம் கண்டார். 1970 இல் வண்டியைச் சோதித்து ஓட்டும்போது விபத்தில் உயிர் நீத்தார். அந்தச் சிறு ஆஸ்டினை அவர் பெயர் தாங்கிய நிறுவனம் தன் தலைமையகத்தில் வைத்துப் போற்றி வருகிறது.

இவற்றுள் சாப்மனின் நிறுவனம் நம் நாட்டோடும் தொடர்புடையது. 1996 இல் மலேசியாவின் புரோட்டோன் நிறுவனம் லோட்டஸ் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கிற்று. 2017 இல் சீனாவின் ஜீலி நிறுவனம் அதன் பெரும்பான்மையைப் பெறும் வரையில் அது மலேசியரின் ஆளுகையில் இருந்தது. கொட்டகையிற் பிறந்த அறிவு கடல் கடந்து இங்கும் வந்தது.

ஆக்கமும் அழிவும்

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்காமற் கூறுதல் கடமை. ஒவ்வொரு ஸ்பெஷல் பிறந்தபோதும் ஒரு பழைய ஆஸ்டின் செவன் மாய்ந்தது. 1960 இல் பிரிட்டனில், பத்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளின் பிரேக், விளக்கு, திருப்பும் பொறி ஆகியவற்றைச் சோதித்துச் சான்றிதழ் தரும் முறை வந்தது; 1961 இல் அவ்வயது ஏழாகக் குறைந்தது. தேறாத வண்டிகள் குப்பைக்குப் போயின. அடிச்சட்டத்துக்காக மட்டும் வாங்கப்பட்டுக் கூடு எரிக்கப்பட்டவையும் உண்டு. குடும்பம் ஏறிச் சென்ற எளிய மூடு வண்டிகளே இவ்வாறு மிகுதியாக அழிந்தன.

ஆகவே இன்று ஆர்வலர்களிடையே ஒரு வழக்கு நடக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவிலேயே வண்டியை மீட்க வேண்டும் என்பார் ஒரு சாரார். என் வண்டியை என் விருப்பப்படி மாற்றுவேன், அதுவே இவ்வண்டியின் மரபு என்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இருவரும் காலத்தை மறந்து பேசுகின்றனர் என்பதே என் கருத்து.

1930 இல் செய்த அடிச்சட்டத்தின்மேல் 1950 இல் ஓர் இளைஞன் கட்டிய ஸ்பெஷல் இன்று நமக்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். அவன் கூட்டை அகற்றி, புதிதாகச் செய்த மூடு கூட்டை ஏற்றி, இதுவே 1930 ஆம் ஆண்டு வண்டி என்று காட்டினால், நாம் மெய்யான 1950 ஐ அழித்துப் பொய்யான 1930 ஐப் படைத்தவர் ஆவோம். பற்றாக்குறைக் காலத்தில் ஓர் ஏழை இளைஞன் எண்ணியதன் சான்று அந்தக் கோணலான தகட்டிலேதான் இருக்கிறது.

இனி, கூடு கெடாமல் எஞ்சிய மூடு வண்டி ஒன்றை இன்று ஒருவர் வெட்டி ஸ்பெஷல் ஆக்குகிறார் என்போம். 1950 இல் அதே வேலையைச் செய்தவனுக்கு வேறு வழியில்லை. வண்டியும் உளுத்தது, எங்கும் மலிந்து கிடந்தது. இன்று வண்டி அரிது, வழிகளோ பல. செயல் ஒன்றே ஆயினும் காலம் மாறியதால் அறமும் மாறுகிறது. வரலாற்றுக் கல்வியின் பயன்களுள் இது தலையாயது.

பழைய வண்டி ஆர்வலர்களின் அனைத்துலகச் சம்மேளனம் 2012 இல் டூரின் சாசனம் என்னும் உடன்பாட்டை ஏற்றது. பழைய கட்டடங்களைக் காப்பதற்காக 1964 இல் வகுத்த வெனிஸ் சாசனத்தின் நெறியைப் பின்பற்றியது அது. காத்தல் வேறு, மீட்டல் வேறு எனப் பகுத்து, செய்யும் வேலையைப் பதிவு செய்து வைக்குமாறு அது கூறுகிறது. இப்பதிவே முக்கியம். மாற்றுகிறவன் தான் மாற்றியதை எழுதி வைத்தால், பின்வருவோன் மூலத்தையும் அறிவான், மாற்றத்தையும் அறிவான். எழுதாமல் மாற்றுபவன் இரண்டையும் கெடுக்கிறான்.

ஆசிரியர் கவனத்திற்கு

செய்து கற்றல் சிறந்தது என்று ஆசிரியப் பயிற்சியில் நாம் எல்லாரும் படித்தோம், தேர்விலும் எழுதினோம். வகுப்பறையில் அதனை எவ்வளவு கடைப்பிடிக்கிறோம்? இன்று குழந்தைகளின் கைக்கு வரும் பொருள்கள் பெரும்பாலும் திறக்க முடியாதபடி ஒட்டி மூடப்பட்டவை. பழுதானால் வீசிவிட்டு வேறு வாங்குமாறு அவை பழக்குகின்றன. தோட்டப்புறச் சிறுவன் ஒருவன் தந்தையின் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துவிட்டுச் சேர்க்கத் தெரியாமல் விழித்தால், அவனை வீட்டார் வைகிறார்கள். படிப்பில் மந்தம் என்று நாமும் சொல்லிவிடுகிறோம். அவன் விழிக்கும் அந்த நேரத்தில்தான் அவனுக்கு ஆசிரியர் தேவை.

செலவில்லாத வழி உண்டு. ஓடாத கடிகாரம், பழைய தையற்பொறி, மிதிவண்டியின் பின்சக்கரம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை மாணவர் முன் வைப்போம். கழற்றும் முன் படம் வரையச் சொல்வோம். கழற்றிய திருகுகளை வரிசையாகத் துணிமேல் வைத்து எண்ணிடச் சொல்வோம். என்ன கண்டாய், எதனை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்பதைத் தமிழிலேயே எழுதச் சொல்வோம். கைத்தொழிலும் கட்டுரைப் பயிற்சியும் ஒரே மணி நேரத்தில் நிறைவேறும். அந்த ஏடு பள்ளியில் தங்கி அடுத்த ஆண்டு மாணவர்க்கும் பாடமாகும்.

ஸ்டான்லி எட்ஜுக்கு வயது 18. புரூஸ் மெக்லாரன் முதன்முதல் போட்டியிட்டபோது பள்ளிப் பருவம் தாண்டாத சிறுவன். அவர்கள் எதிரே ஒரு வரைபலகையோ ஒரு பழைய வண்டியோ இருந்தது. தொடாதே என்று தடுப்பதற்குப் பதிலாகத் தொட்டுப் பார் என்று சொல்ல ஒரு பெரியவரும் அருகில் இருந்தார். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெரியவராக நிற்பது நம்மால் இயலாத காரியம் அன்று.